சடை போன வழி

எங்கள் சடைக்கோழி நடந்து போகும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று சொல்ல முடியாது. மற்றக் கோழிகளுக்கு வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்தால் வாலிறகு சாயும். பின்னாலிருந்து அடித்தால் முதுகிறகு கிளம்பி உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சு தெரியும். சடைக்கோழிக்கு எல்லா இறகும் எல்லாக் காலமும் வெளிப்பக்கமாக வளைந்து, தலையை நோக்கிச் சுருண்டு நிற்கும். வெயில் ஏறும் நேரத்தில் தென்னைகளுக்கு இடையில் மணலில் அது வரும்போது ஒரு கோழி வருகிறது என்று தோன்றாது. தனக்கென்று ஒரு காற்றை உடம்புக்குள் வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று மெல்ல உருண்டு வருகிறது என்றுதான் தோன்றும்.

நான் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்குப் படித்த காலத்தில் அது எங்கள் வளவில் இருந்தது. ஆரையம்பதியில், வாவியை ஒட்டின வளவு. வீட்டில் மேசை இல்லை. முருங்கை மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு கதிரையில் புத்தகத்தை வைத்துப் படிப்பேன். அம்மா பக்கத்துச் சொந்தத்திலோ அப்பா பக்கத்துச் சொந்தத்திலோ அதுவரை ஆரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் எல்லாரும் வருத்தம் வந்து படுத்திருக்கிற நோயாளியைப் பார்க்க வருவதுபோல மெல்ல நடந்து வந்து, நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போவார்கள். சடைக்கோழிக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. அது கதிரைக் காலடியில் குழி பறித்து மண்குளிக்கும். மண்ணை உதறும்போது அந்தச் சுருள்களுக்குள்ளிருந்து புழுதி கிளம்பி, முருங்கை நிழலில் விழுகிற வெயிற்கீற்றுகளுக்குள் கொஞ்ச நேரம் மிதக்கும். மரபணு பற்றிய பிறப்புரிமையியல் பாடத்தை நான் முதலில் படித்தது அந்தப் புழுதிக்குள்தான்.

சோதனைக்கு முந்தின வைகாசியில், அம்மன் கோயிலில் வருடத்துக்கொருமுறை நடக்கிற சடங்கின்போது அம்மா எனக்காக ஒரு நேர்த்தி வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

"என்ட மகன் கம்பசுக்குப் போனா, என்ட வளவில பொரிச்ச சடைச்சேவல் ஒண்டு உனக்குத் தாறன் தாயே."

நேர்ந்த சேவலைக் கோயில் வளவில் விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்பிறகு அது அம்மனுடைய கோழி. ஆரும் துரத்தமாட்டார்கள், ஆரும் உரிமை சொல்லமாட்டார்கள். வாங்கிக் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அம்மா வாயால் சொன்னது தன் வளவில் பொரித்தது என்று. சொன்ன சொல் சொன்னதுதான்.

எனக்குக் கம்பஸ் கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன். ஆனால் சேவல் கிடைக்கவில்லை. அந்த மாரிக்கே கோழி வருத்தம் வந்து சடை இருந்த குஞ்சுகளெல்லாம் செத்துப்போயின. தாய்க்கோழியை ஒரு விடியற்காலை கீரி கொண்டுபோனது. வேலியோரத்தில் சுருண்ட இறகுகள் கிடந்தன, ஆரோ தச்சுவேலை செய்து சீவலை அப்படியே விட்டுப்போன மாதிரி. மிஞ்சியது அந்தக் கோழியின் மகள்கள். செவலை நிறம், நேர் இறகு, சாதாரணக் கோழிகள்.

அம்மா பெரிதாகக் கவலைப்படவில்லை.

"கோழி போனா என்ன மனே, குடி இரிக்குதே."

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழி. அப்பன் ஆராக இருந்தாலும், பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்யமாட்டார்கள். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். நாங்கள் இருந்த வீடும் வளவும் அம்மாவுடையது. அப்பா தோணியும் வலையும் ஒரு தகரப்பெட்டியும் கொண்டு வந்து சேர்ந்தவர். கோயிலில் குடி கேட்டாலும் நான் சொல்வது அம்மாவின் குடியைத்தான். அம்மா கோழிகளையும் அப்படித்தான் எண்ணினார். எந்தக் கோழிக்கு எந்தக் கோழி மகள், அதற்கு எது மகள் என்று நாலு தலைமுறைக்குச் சொல்வார். சேவல்களை எண்ணமாட்டார். சேவல் வரும், போகும், கறியாகும். தாயிடம் இருந்தது மகளிடம் இருக்கும், இன்றைக்குக் காட்டாவிட்டால் நாளைக்குக் காட்டும் என்று அந்தச் செவலைக் கோழிகளில் ஒன்றைக்கூட விற்காமல் வைத்திருந்தார். நானும் அதை அப்படியே நம்பினேன். இத்தனைக்கும் சோதனையில் அந்தப் பாடத்துக்கு நல்ல புள்ளி எனக்கு.

ஒவ்வொரு முறை குஞ்சு பொரிக்கும்போதும் அம்மா காத்திருப்பார். பிறந்தவுடன் சடை தெரியாது, எல்லாக் குஞ்சும் ஒரே பஞ்சுதான். செட்டையில் முதல் இறகு முளைக்கும்போதுதான் நுனி வெளிப்பக்கம் வளைகிறதா என்று பார்க்கலாம். அம்மா குஞ்சைக் கையில் எடுத்துச் செட்டையை விரித்து வெளிச்சத்துக்குப் பிடிப்பார். பிறகு கீழே விடுவார்.

"இந்தமுறை இல்ல."

இப்படியே என் படிப்பு கடைசி வருடத்துக்கு வந்துவிட்டது. படிப்பு முடிந்தால் வேலைக்கு வா என்று குருநாகல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சொல்லியிருந்தார்கள். அதை வீட்டில் சொன்னபோது அம்மா சந்தோசப்பட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடனேயே சொன்னார்.

"வாற சடங்குக்கு நேர்த்தியத் தீப்பம். மறுகா நீ போ. கடன வச்சிட்டு நீ ஆத்தத் தாண்டப்படாது. ஒனக்கு ஒண்டெண்டா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். அம்மா சொன்னதை நான் சிரித்துத் தள்ளவில்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் நேர்ந்த ஒன்று தீராமல் கிடப்பது கூரையில் ஒழுக்கு இருக்கிற மாதிரி. வெயில் நாளிலும் அது நினைவில் நிற்கும்.

வார நாட்களில் நான் கம்பசுக்குப் பக்கத்தில், செங்கலடியில், ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற வகுப்பில், பாதிப்பேர் நித்திரை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. கண் செருகிக்கொண்டு போகிற நேரத்தில் திரையில் எங்கள் கோழி வந்து நின்றது.

நான் நிமிர்ந்தேன். அதே கோழி இல்லை என்று தெரியும். ஆனாலும் அதே சுருள், அதே கோபம்போல ஒரு பார்வை. எங்கள் முருங்கை மரத்தடியை விட்டுக் கீரிக்குத் தப்பி, உலகமெல்லாம் சுற்றி, கடைசியில் இந்தச் சுவரில் ஏறி நிற்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் வழக்கம்போலத் தமிழில் எழுதிக்கொண்டேன். இறகும் நகமும் அலகும் நம்முடைய தலைமுடியும் கெரட்டின் என்கிற ஒரே வகைச் சரக்கால் ஆனவை. அந்தச் சரக்கைச் செய்கிற பரம்பரையலகு, மரபணு, ஒன்றில் சின்னத் துண்டு ஒன்று குறைந்தால், இறகின் தண்டு நேராக நிற்க மாட்டாமல் வெளிப்பக்கம் வளையும். தாய், தகப்பன் இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து அது வந்தாலே போதும், சடை தெரியும். இரண்டு பக்கமும் வந்தால் இறகு தாங்காது, முறிந்து உதிரும்.

அதன்பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இரண்டு தரம் எழுதியிருந்தேன். சடை தெரியாத கோழியிடம் சடை இல்லை. அது ஒளிந்திருக்கிற குணம் இல்லை. நேரான இறகு என்றால் உள்ளேயும் நேர்தான். சடையை அடக்கிவைக்கிற வேறோர் அலகும் உண்டு, அபூர்வமாக, என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த ஒரு வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் போனதும் உடுப்பு மாற்றாமல் செவலைக் கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றாக மடியில் வைத்து இறகு இறகாகப் பார்த்தேன். கழுத்து, முதுகு, செட்டைக்குள். அந்தி வெயில் வாவியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி வளவுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இறகும் அந்த வெளிச்சத்தில் நேராக, ஒழுங்காக, பொன்னாக இருந்தது. எங்கும் ஒரு வளைவு இல்லை.

அப்பா தென்னை மரத்தில் வலையைக் கட்டிப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனே, பேன் பாக்கிறயா?"

"அம்மா, இதுகளுக்குள்ள சடை இல்ல."

"இப்ப இல்ல. வரும்."

"வராது. நேர் இறகுக்குள்ள அது இரிக்காது. எத்தின தலைமுறை வச்சிருந்தாலும் வராது."

அம்மா சுளகை நிறுத்தினார். "தாய்க்கு இருந்தது. மகளுக்கு இல்லாம அது எங்க போகும்?"

அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மகனுக்குப் போயிரிக்கும்."

"நீங்க சும்மா இரிங்க."

"சும்மாதான் இரிக்கன். இந்த ஊட்டில வந்த நாளில இருந்து." அவர் பல்லால் நூலை அறுத்தார். "உன்ட தம்பி ஒரு சேவல் கொண்டுபோனான். அது என்ன மொட்டையா?"

அம்மாவின் கை சுளகின் விளிம்பில் அப்படியே நின்றது. எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. நேர்த்தி வைப்பதற்கும் முந்தின வருடம், மாமா வந்தபோது, சடைக்கோழியின் முதல் ஈட்டில் பொரித்து வளர்ந்த ஒரு சேவலை ஆசைப்பட்டுக் கேட்டுக் கொண்டுபோயிருந்தார். மாமா அம்மாவின் தம்பி. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மண்டூரில் கல்யாணம் முடித்து அங்கேயே இருப்பவர். அம்மா தாய்களையும் மகள்களையும் எண்ணிக்கொண்டிருந்த இத்தனை காலமும் அந்தச் சேவல் கணக்கில் வரவேயில்லை.

"அயத்துப் போனன், மறந்தே போனன்," என்றார் அம்மா.

"சேவல்தானே," என்றார் அப்பா.

நான் தொலைபேசியை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

"நில்லு. அந்தச் சேவல் வந்தாலும் சரிவராது. அது இதுகளோட பொறந்தது. ஒரே தாய், ஒரே குடி. அண்ணன் தங்கச்சியக் கட்டிவைக்கிறயா நீ?"

"கோழியம்மா அது."

"கோழியெண்டாப்போல? அம்மனுக்குக் குடுக்கிற சாமான் முறை கெட்டுப் பொறக்கிறதா?"

"அப்ப வேற ஆரிட்டயும் ஒரு சடைச்சேவல் எடுப்பம்."

"அது அவங்கட சடை. என்ட வளவிலது எண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

அப்பா சிரித்துக்கொண்டே வலையைச் சுருட்டினார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளேயிருந்து எடுத்தால் முறை இல்லை, வெளியேயிருந்து எடுத்தால் உரிமை இல்லை. ஆனாலும் மாமாவை அழைத்தேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அந்தச் சேவலா மருமகன்? அத எப்பவோ கறி வச்சாச்சு," என்றார் மாமா. "ஆனா அதுட பிள்ளையள் நிக்குது. ஒரு சேவல் நிக்குது, தலையெல்லாம் சுருள், அப்பன உரிச்சு வச்ச மாதிரி. உன்ட மாமிட கோழிக்குப் பொரிச்சது."

அழைப்பு முடிந்தபிறகு அம்மா சுளகைக் கீழே வைத்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். அவர் வாய் மெல்ல அசைந்தது. கல்யாணப் பேச்சு வரும்போது முறை பார்க்க அவர் அப்படித்தான் செய்வார்.

"தாய் அவள்ட கோழி. அப்ப குடி வேற," என்றார். "தகப்பன் எங்கட கோழிட மகன். அப்ப இதுகள்ட மகளுகளுக்கு அவன்…" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாமன்ட மகன்."

"மச்சான்," என்றேன் நான்.

"மச்சான்தான். இதவிட முறை வேற என்ன கெடக்கு?"

அந்தக் கணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் எழுதின பாடமும் அம்மா விரல் மடக்கின கணக்கும் இரண்டு தோணிகள்போல வெவ்வேறு பக்கமிருந்து வந்து ஒரே துறையில் முட்டிக்கொண்டன. குடி மகள்களோடு இந்தக் கரையில் இருந்துவிட்டது. சடை ஒரு மகனோடு ஆற்றைத் தாண்டிப் போய், இன்னொரு குடிக்குள் இருந்துகொண்டு, திரும்பி வர ஒரு முறைக்காகக் காத்திருந்தது.

மழை தொடங்க முன்னம், புரட்டாதியில் ஒரு காலை, நானும் அம்மாவும் போனோம். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதை போகும். பாதை என்று நாங்கள் சொல்வது இயந்திரம் பூட்டின தட்டையான மிதவையை. மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஏறும். அன்றைக்கு நீர் அசையாமல் கிடந்தது. மூடுபனிபோல ஒரு வெண்மை, கரை எது வானம் எது என்று தெரியாமல். பாதை நகர்கிறதா, மண்டூர் எங்களை நோக்கி நகர்கிறதா என்றும் தெரியவில்லை. அம்மா பன்புல்லில் பின்னின வெறும் பன்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சேவலை அதில் வைத்துக் கொண்டுவர.

பெட்டைக் கோழியைக் கொண்டுபோய் அங்கே விட்டால் சுலபம் என்று நான் சொல்லிப் பார்த்திருந்தேன். "பொம்புள ஊட்டுக்குத்தான் மாப்புள வாறது," என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மாமி எங்களைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மாமா எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"வாங்க மச்சாள். மாப்புள கேட்டா வந்தீங்க? சீதனம் என்ன தருவீங்க?"

"ஊடு தாறம்," என்றார் அம்மா. "புதுக் கூடு. தகரம் போட்டது."

"வளவு?"

"வளவு பொண்ணுட. அவர் மேஞ்சிட்டுக் கெடக்கட்டும்."

"எங்கட பொடியன ஒழுங்காப் பாப்பீங்களா? அவன் மழை தாங்கமாட்டான்." மாமி என் பக்கம் திரும்பினார். "மருமகன், கோழிக்கு மச்சான் முறை பாத்திட்டீங்க. உங்களுக்கு முறை பாக்க வேணாமா? எங்க ஊட்டிலயும் ஒருத்தி படிக்கிறாள்."

உள்ளேயிருந்து, "அம்மா, வாய மூடிட்டு இரிங்க," என்று ஒரு குரல் கேட்டது. நான் அவசரமாகச் சேவலைப் பார்க்கப் போனேன்.

அது மாமரத்தின் கீழே நின்றது. கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். ஒவ்வொரு இறகும் தன்பாட்டில் சுருண்டு, வெயில் அந்தச் சுருள்களுக்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் நின்ற மாதிரி இருந்தது. அம்மா கைகூப்புவதுபோலக் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவள்தான். அப்பிடியே அவள்தான்."

அந்த மரத்தடியிலேயே இன்னொன்றும் நின்றது. ஒரு வளர்ந்த குஞ்சு, கிட்டத்தட்ட இறகே இல்லை. முதுகில் அங்கங்கே முறிந்த தண்டுகள், தோல் சிவந்து, வெயிலில் நின்றுகொண்டே நடுங்கியது. மாமா அதற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசியிருந்தார்.

"வருத்தம் மாறுதில்ல மருமகன்."

"இது வருத்தம் இல்ல மாமா. இதுட தாய்க்கும் சடையா?"

"ஓம். தகப்பன் இந்தச் சேவல், தாய் இதுட கூடப்பொறந்தது."

இரண்டு பக்கமும் சடை வந்தால் இப்படி ஆகும், இறகு நிற்காது என்று நான் சொன்னேன். அம்மா அந்தக் குஞ்சைத் தூக்கித் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"பாத்தயா, கூடப்பொறந்ததக் கட்டினா இப்பிடித்தான்," என்றார்.

கூடப்பிறந்ததால் அல்ல, வெவ்வேறு தாய்க்குப் பிறந்த இரண்டு சடைகள் சேர்ந்தாலும் இதுவேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சேலைக்குள்ளிருந்து அந்தக் குஞ்சு நடுக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டது. பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பாதையில் திரும்பி வரும்போது சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். "அப்ப சடைக்குச் சடை வேணாம்," என்றார். அவ்வளவுதான். பன்பைக்குள்ளிருந்து சுருண்ட தலை வெளியே நீட்டி நீரைப் பார்த்துக்கொண்டு வந்தது. அதன் தகப்பனை இதே தண்ணீரில், எதிர்ப்பக்கமாக, இப்படித்தான் மாமா கொண்டுபோயிருப்பார்.

ஐப்பசியில் செவலைக் கோழி ஒன்றின் மகள், அதுவும் செவலை, அடை கிடந்தது. மழையும் தொடங்கியது. குஞ்சு பொரித்து, செட்டையில் இறகு முளைக்கிற நாட்களில் நான் செங்கலடியில் இருந்தேன். அம்மா அழைத்தார். பின்னால் மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் குரல் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னார். பிறகுதான் பிடிபட்டது. "வளையுது மனே. வளையுது."

பாதிக்குப் பாதி என்று பாடம் சொல்கிறது. அது கிட்டத்தட்டச் சரியாகத்தான் வந்தது. ஆனால் பருந்துக்கும் மழைக்கும் பாடம் தெரியாது. சடை இறகு உடம்போடு ஒட்டிப் படுக்காது. தண்ணீர் உள்ளே போகும், சூடு வெளியே போகும். நேர் இறகுக் குஞ்சுகள் தாயின் செட்டைக்கு வெளியே நனைந்துகொண்டு விளையாடும்போது, சடைக் குஞ்சுகள் நனைந்த பஞ்சுபோல ஒடுங்கிக் கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மார்கழி முடியும்போது மிஞ்சியது ஒரு பெட்டையும் ஒரு சேவலும்தான்.

அந்தச் சேவலைக் காப்பாற்றியது அப்பா. மீன்பிடிக்கிற பழைய கரப்புக் கூடை ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, சுற்றிவரச் சாக்கைக் கட்டி, அடியில் உமி பரப்பி, அடுப்படிச் சுவரோடு வைத்தார். ஒவ்வொரு நாளும் உமியை மாற்றினார். விடியமுன் தோணிக்குப் போகிறவர், போக முன்னம் கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பாராம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னார்.

"என்ன இவ்வளவு கரிசனை எண்டு கேட்டன். 'அவனும் என்னப்போல ஒரு தகப்பன்ட பிள்ளைதானே' எண்டார். விசர்க்கதை."

அப்பாவின் தலை சுருள். எனக்கும் அதே தலை. சின்ன வயதில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது தேங்காயெண்ணெயை வழிய வழிய வைத்து அழுத்திச் சீவுவார். "உங்கப்பன்ட ஆக்கள்ட தலை. எங்கட குடியில இப்பிடி ஒருத்தருக்கும் இல்ல," என்று சீப்பால் இழுத்துக்கொண்டே சொல்வார். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர முன்னமே அது திரும்பவும் சுருண்டுவிடும். வளர்ந்தபிறகு ஒட்ட வெட்டச் சொல்வார், நானும் வெட்டிக்கொள்வேன். மனிதத் தலைமுடிச் சுருளுக்குக் கோழிக் கணக்குப் பொருந்தாது. அதற்குப் பல அலகுகள் சேரவேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் கரப்புக்குள் கையை விட்டுக்கொண்டு குனிந்திருக்கிற அப்பாவின் தலையைத் தை மாதத்து வெயிலில் ஒரு நாள் நான் பார்த்தேன்.

மாசி, பங்குனி என்று வெயில் ஏற ஏறச் சேவலும் விரிந்தது. தகப்பனின் கறுப்பு, தாயின் செவலை, கொள்ளுப்பாட்டியின் சுருள். வைகாசியில் சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறந்தது. சடங்கு நடந்த நாட்களில் ஊர் முழுக்க வேப்பிலை வாசம். நான் சோதனை முடித்து வந்திருந்தேன். நேர்த்தி கொடுக்கிற நாள் காலையில் அம்மா தலை முழுகி, சேவலுக்கும் கால் கழுவி, மஞ்சள் தடவி, கையில் அணைத்துக்கொண்டு நடந்தார். அப்பா வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவார். கோயிலில் எங்களுக்குரிய சடங்கு அம்மாவின் குடிக்குரியது, அவருக்கு அங்கே வேலை இல்லை. அன்றைக்கும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அரச மரத்தடியில் நின்றுகொண்டார்.

வண்ணக்கர், கோயில் பொறுப்பைப் பார்க்கிற பெரியவர், சேவலைக் கண்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல சாமான். எங்க வாங்கின?"

"வாங்கல்ல. என்ட வளவில பொரிச்சது."

"அப்ப உங்கட குடிக் கோழி."

"தாய் எங்கட குடி," என்றார் அம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆரும் அதற்குமேல் கேட்பதில்லை. அவர் சேவலின் கழுத்துச் சுருளை ஒரு விரலால் நீவிக்கொண்டே, மரத்தடிப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சொன்னார்: "சடை தகப்பன் வழி."

வண்ணக்கர் தலையாட்டினார். அம்மா குனிந்து சேவலை மணலில் விட்டார். அது கொஞ்ச நேரம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு பந்தல் நிழலைத் தாண்டி, தேங்காய் உடைக்கிற இடத்தைத் தாண்டி, வெயிலுக்குள் நடந்து போனது. பறைமேளமும் பெண்களின் குரவை ஒலியும் எழுந்தன. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த முகத்தில் பல மாதங்களாக நான் பார்த்த ஒரு இறுக்கம் இறங்கிப்போவது தெரிந்தது. நான் மரத்தடியைப் பார்த்தேன். அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அடுத்த கிழமை நான் குருநாகலுக்குப் போக உடுப்பு அடுக்கினேன். சடைப் பெட்டை வாசலில் குழி பறித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் இறகுச் சேவல் ஒன்று பார்க்க வேண்டும் என்று அம்மா முறை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். போகிற இடத்தில் கோழிகள் எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றுக்கும் தாய் தகப்பன் தெரியாது என்று நான் சொன்னேன். அம்மா அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார், பாவப்பட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகியது. வெளிக்கிட முன்னம் முடியை வெட்டிக்கொண்டு வருகிறேன், வேலைக்குப் போகும்போது ஒழுங்காக இருக்கட்டும் என்று எழுந்தேன்.

"எங்க போற?"

"முடி வெட்ட."

"இரிக்கட்டும் மனே," என்றார் அம்மா. கையில் எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. வெறும் கையை என் தலையில் வைத்தார். "நீ இனிப் போகலாம். தலைய ஒட்ட வெட்டிப்போடாத. அது அப்பன்ட தலை."